மூன்று நாள் மூடி வைக்கச் சொன்னாள்

கண்ணாடித் தொட்டியில் பாசி பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று தை மாதத்தில் எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால், பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன். இப்போது நானே சொல்கிறேன். நான்தான் காரணம். என்னைத் தவிர அந்தத் தொட்டிக்கு வேறு எதிரி கிடையாது.

என் பெயர் பலராமன். மரக்காணத்தில் குத்தகைக்கு அளம் எடுத்து முப்பத்தொரு வருடமாக உப்பு விளைவிக்கிறேன். ஒரே மகள், இலக்கியா. டிகிரி முடித்ததும் பொம்மையார்பாளையத்தில், ஈ.சி.ஆர். ஓரத்து மீன் கடை ஒன்றில் வேலைக்குப் போனாள். தின்கிற மீன் இல்லை, கலர் மீன். கண்ணாடித் தொட்டி, தண்ணீருக்குள் வளர்க்கிற செடி, இதெல்லாம் விற்கிற கடை. அங்கேயே வேலை பார்த்த கௌதமை இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். கௌதம் வேறு யாருமில்லை, என் அளத்தில் பதினோரு வருடம் உப்பு சுமந்த மேரிசெல்வியின் மகன்.

சேதி வந்த அன்று நான் ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்தது. செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். "எனக்கு மகளே கெடையாது, தலை முழுகிட்டேன்!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கத்தினேன். மேரிசெல்வியிடம் இனிமேல் அளத்துப் பக்கம் வராதே என்றேன். மகளுடைய துணிமணி, புத்தகம், சைக்கிள், எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி அவள் இருக்கிற இடத்துக்கு அனுப்பினேன். கூடத்தில் இருந்த மீன் தொட்டியை மட்டும் தூக்க முடியவில்லை, மூன்றடி நீளம், தண்ணீரும் மண்ணுமாக அப்படி ஒரு கனம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அது அவளே கடையில் கற்றுக்கொண்டு வந்து செய்த தொட்டி. அடியில் ஏரி வண்டல், அதற்கு மேல் ஆற்று மணல், மணலில் ஊன்றிய செடிகள், செடிகளுக்குள் புகுந்து ஓடுகிற சிவப்பும் நீலமுமான பொடி மீன்கள் பதினைந்து. மேலே ஒரு சின்ன லைட். ஆறு மணி நேரம் எரிந்து அதுவே அணைந்துவிடும். போகும்போது என் மனைவி அம்சவல்லியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: "இதுக்கு ஒண்ணுமே செய்யாதம்மா. ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி ஒரு சிட்டிகை தீனி போடு. தண்ணி கொறஞ்சா கேன் தண்ணி ஊத்து. போர் தண்ணி வேணவே வேணாம், உப்புக் கரிக்குது. மத்தபடி கையே வெக்காத."

அம்சவல்லி கை வைக்கவில்லை. நான் அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. இரண்டு வருடமும் அந்தத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. நான் வெறுத்தவரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்சவல்லி ஆரம்பித்தாள். கொல்லைப்பக்கம் போய் அவள் மகளோடு போன் பேசுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"இலக்கியா முழுகாம இருக்கறா. இது அஞ்சாம் மாசம்."

நான் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.

"தை கடைசி ஞாயித்துக்கெழம இங்க வர்றாளாம். தொட்டியப் பாக்க."

"பாக்கறதுக்கு இன்னா கீது? தூக்கிகினு போவச் சொல்லு."

"நீங்க அப்படிச் சொன்னா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவாளாம். ஒண்ணும் சொல்லலன்னா தொட்டி இங்கயே இருக்கட்டும், வாராவாரம் நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்றா." சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். "புரியுதா உங்களுக்கு?"

புரிந்தது. மரமண்டைக்கும் புரியும். அவளுக்கு வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேண்டும், எனக்கு அவளை வரவிட ஒரு சாக்கு வேண்டும். தொட்டி இங்கே இருந்தால் வாராவாரம் வருவாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவாள், அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் "வா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வராது. எனக்குத்தான் என்னைத் தெரியுமே, நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

"சாப்பாட்டுல உப்பு பத்தல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவினேன். ஆனால் அன்று சாயங்காலம், இரண்டு வருடம் கழித்து, அந்தத் தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வரும்போது அவள் கண்ணுக்கு அது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்து ஜன்னலில் எப்போதும் தொங்கும் திரையைக் கழற்றி எறிந்தேன். வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது, மீன்கள் மினுமினுத்தன. அவள் வைத்த லைட் அழுது வடிகிற மாதிரி இருந்தது. பஜாரில் போய் அதைப்போல மூன்று பங்கு வெளிச்சம் அடிக்கிற லைட் ஒன்று வாங்கி மாட்டினேன். காலை காபியிலிருந்து படுக்கப் போகிறவரைக்கும் எரிந்தது. என்னைப் பார்த்தால் மீன்கள் கண்ணாடிக்கு ஓடிவரும். பசி போலிருக்கிறது என்று போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை போட்டேன். என்னைப் பார்த்துச் சந்தோஷமாக ஓடிவந்த உயிர் அந்த வீட்டில் அதுகள்தான். போடாமல் எப்படி இருப்பது?

எட்டாம் நாள் கண்ணாடியில் பச்சையாகத் தூசி படிந்தது. பத்தாம் நாள் செடி இலைகளில் நூல் நூலாகத் தொங்கியது. பதிமூன்றாம் நாள் தண்ணீரே பச்சைப் பயறு ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அவள் வருவதற்கு இன்னும் நான்கே நாள்.

அம்சவல்லி பதறிப்போய்க் கூடத்திலேயே போன் போட்டாள், ஸ்பீக்கரில். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் மகள் குரலை நான் கேட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"லைட்ட யாரும்மா மாத்துனது?"

"அப்பாதான்."

கடையில் ஆளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"சரி. பழைய லைட்டையே மாட்டிடு. ஜன்னல்ல திரையப் போடு. தீனிய நிறுத்து, பத்து நாள் சாப்புடலன்னாலும் மீனு சாவாது. கம்பளிப் போர்வ இருக்குதில்ல, அதப் போட்டு மூணு நாளைக்கு மூடி வெச்சிடு. வெளிச்சம் போகக் கூடாது. இருட்டுல பாசி தானா செத்துடும். மிச்சம் மீதி இருந்தா பரவால்ல, நான் வந்து பாத்துக்கறேன். யாரும் தொடக் கூடாதும்மா. யாரும்."

அந்த இரண்டாவது 'யாரும்' எனக்கு என்று எனக்குத் தெரியாதா?

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "இருட்டுல பாசி சாவுமா? எந்த ஊரு நியாயம்டீ இது? நெழல்லதான் பாசி புடிக்கும், வெயில்லதான் சாவும். முப்பது வருசமா உப்பளத்துல இன்னாத்தப் புடுங்கிகினு இருந்தேன் நானு?"

"அவளுக்குத் தெரியும், அவ தொழிலு. நீங்க பேசாம இருங்க" என்று அம்சவல்லி கம்பளியைப் போர்த்தினாள். அது புதன்கிழமை.

பேசாமல்தான் இருந்தேன், கை சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே நான்கு தரம் கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். டார்ச் அடித்தும் பார்த்தேன். வியாழக்கிழமையும் அதே பச்சைதான்.

அந்தச் சமயம் அளத்தில் பாத்தி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க மழைத்தண்ணீர் நின்ற பாத்திகள். அடியில் பச்சைத்தோல் மாதிரி பாசி படிந்திருக்கும். அதை ஒரே வழியில்தான் விரட்டுவோம். தண்ணீரை அடியோடு வடித்து, பாசியைச் சுரண்டி எறிந்து, தரையை வெயிலில் காயவிட வேண்டும். பிறகு ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலால் மிதிமிதி என்று மிதித்துத் தரையைச் சிமெண்டு போல இறுக்குவார்கள். அதன் பிறகுதான் உப்புத் தண்ணீர் கட்டுவோம். அப்படி மிதித்த பாத்தியில் பாசி என்ற பேச்சே கிடையாது, உப்பு மல்லிகைப்பூ மாதிரி விழும். என் மிதியைப் பார்க்கப் பக்கத்து அளத்துக்காரர்கள் வருவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது தொட்டி விஷயத்தை முருகையனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக என்னிடம் வேலை செய்கிறவன், கிண்டல் பிடித்தவன். "இன்னா மொதலாளி இது, பதினெட்டு ஏக்கரா பாசிய வெரட்டறவரு, மூணடி கண்ணாடிப் பொட்டியப் பாத்துப் பயந்து கம்பளிய போத்தி வெச்சிகினு கீறீங்க? ஜொரமா அதுக்கு?" என்றான். ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை காலை அம்சவல்லி மகளுக்குப் புடவை எடுக்கத் திண்டிவனம் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் நான் முருகையனைக் கூப்பிட்டேன். கம்பளியை உருவிப் போட்டேன்.

இப்போது யோசித்தால், அந்த நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது. பின்பக்கத்துக் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் நிற்கவில்லை.

மீன்களை வலையில் பிடித்து ஒரு பக்கெட்டில் விட்டேன். பக்கெட்டில் போர் தண்ணீர். சின்ன உயிர்கள், நோய் நொடி அண்டக் கூடாதே என்று இரண்டு கைப்பிடி கல்லுப்பும் போட்டேன். உப்பு எதையும் கெடாமல் வைக்கும் என்பதுதானே எங்கள் பிழைப்பே. முருங்கை மரத்து நிழலில் பக்கெட்டை வைத்தேன். செடிகளை வேரோடு பிடுங்கி நனைத்த சாக்கில் சுற்றினேன். டியூப் போட்டுத் தண்ணீரை வடித்தேன். நானும் முருகையனும் தொட்டியைத் தூக்கி வாசலில், முழு வெயிலில் வைத்தோம். கண்ணாடியைத் தேங்காய் நாரும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மணலோடு மேல்பாசியைச் சுரண்டி எறிந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மதியத்துக்குள் மண் வறண்டு வெளுத்தது. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, காலால் மிதிக்க இடமில்லாததால் உள்ளங்கையின் அடிப்பகுதியால், ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை தப்பாமல் குத்திக் குத்தி இறுக்கினேன். என் ஆயுசில் நான் செய்த பாத்திகளிலேயே அதுதான் சின்னது, அதுதான் அழகு. இலக்கியா குழந்தையாக இருக்கும்போது அளத்துக்கு வந்து என் காலடித் தடத்தின் மேலேயே தன் காலை வைத்து மிதிப்பாள். அது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மணிக்கு அம்சவல்லி பையோடு வந்தாள். வாசலில் தொட்டியைப் பார்த்தவள் பையைக் கீழே போட்டாள்.

"மீனு எங்க?"

முருங்கை மரத்தைக் காட்டினேன். போய்க் குனிந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். நான் எழுந்து போனேன். பதினைந்தும் மேலே மிதந்தன. அந்தச் சிவப்பு, நீலம் எல்லாம் போய் வெளுத்திருந்தன.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

அவளே விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தூவென்று துப்பினாள். "சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஐயோ, ஐயோ, தொடாதன்னு ஒரு வார்த்ததான சொன்னா அந்தப் பொண்ணு!" என்று அடிவயிற்றிலிருந்து அழுதுகொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை நான் விடவில்லை. நான்கு கேன் தண்ணீர் வாங்கித் தொட்டியைக் கூடத்தில் வைத்து நிரப்பினேன். சுரண்டும்போது மேலே இருந்த மணல் போய்விட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டல் குபுகுபுவென்று கிளம்பி டீ மாதிரி கலங்கியது, சாயங்காலம்வரை தெளியவே இல்லை. சாக்கைப் பிரித்தால் செடிகள் வெந்த கீரையாகக் குழைந்து நாறின. மறுபடியும் தண்ணீரை வடித்தேன். மறுபடியும் மண்ணைக் குத்தி இறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த ஒன்றையே திரும்பச் செய்தேன்.

"போன் பண்ணி அவகிட்ட விசயத்தச் சொல்லிடறேன்" என்றாள் அம்சவல்லி.

"வேணாம். சொன்னா வரமாட்டா. வரட்டும், நானே சொல்றேன்."

சொல்வதற்கு ஒத்திகைகூடப் பார்த்தேன். 'உனக்குப் பளிச்சின்னு இருக்கணும்னுதாம்மா லைட்ட மாத்துனேன். பாசி புடிச்சிடுச்சி. எனக்குத் தெரிஞ்ச வழில சுத்தம் பண்ணேன். தப்புதான்.' நான்கே நான்கு வாக்கியம். கிணற்றடியில் சொன்னேன், சைக்கிளில் போகும்போது சொன்னேன், சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். கௌதம் கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டான். விருந்தாளி மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முகம் ஊதியிருந்தது. வயிறு தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனாள் என்று நினைக்கிறேன். அதற்குள் அவள் கண் தொட்டிக்குப் போய்விட்டது.

பக்கத்தில் போய்க் கையை உள்ளே விட்டுத் தொட்டாள். என் உள்ளங்கைத் தடம் வரிசை வரிசையாக இருந்தது. உப்பளத்துக்காரன் பெண், அதைப் பார்த்தால் தெரியாதா?

"மிதிச்சிருக்கீங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று பேசியவள்.

"மீனு?"

அம்சவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் பேச வேண்டும். நான்கு வாக்கியம். வாயைத் திறந்தேன். கேட்டுக்கு வெளியே அவன் எட்டி எட்டிப் பார்ப்பது கண்ணில் பட்டது. இவள் என்னை 'நீங்க' என்றது காதிலேயே நின்றது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பழைய குரல்.

"பின்ன? பாசி புடிச்சி நாறுறத எத்தினி நாளைக்கு வூட்டுக்குள்ள வெச்சிகினு இருக்கறது?"

நான் கத்திய கத்தலில் கௌதம் பைக்கிலிருந்து இறங்கிவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டு இல்லை, சுத்தமாகவே இல்லை.

இலக்கியா அழவில்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"தலை முழுகினப்ப என்னுது எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிச்சீங்க. இது ஒண்ணுதான் பாக்கி நின்னுச்சி. நான் ஒரு லூசு. நீங்க இத வுட்டு வெச்சதுக்கு வேற அர்த்தம்னு ரெண்டு வருசமா நெனச்சிகினு இருந்தேன்." வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அங்கே நின்று ஒரு தரம் திரும்பினாள். அப்போது மட்டும் அது பழைய குரல். "மூடித்தானப்பா வெக்கச் சொன்னேன். மூணே நாளு."

அந்த இடத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்சவல்லி புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை பின்னாலேயே ஓடினாள். பையோடுதான் திரும்பி வந்தாள்.

அன்று மத்தியானம் அந்தக் கம்பளியை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்தினேன், ஒரு பக்கமும் வெளிச்சம் போகாத மாதிரி. ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இன்னும் அப்படியேதான் கிடக்கிறது, நான் தூக்கிப் பார்ப்பதில்லை. இந்த வருடம் உப்பு நன்றாக விளைந்தது. மேரிசெல்வியை வேலைக்கு வரச் சொல்லி முருகையனிடம் சொல்லி அனுப்பினேன். வரவில்லை.

ஆனி பிறந்து இரண்டாவது வாரம் பெண் குழந்தை. அம்சவல்லி போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். என்னோடு அவள் பேசுவது சோறு, தண்ணீர் என்று அவ்வளவோடு சரி. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து போனில் படத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான் உள்ளே போனால் திருப்பி வைத்துவிடுகிறாள். பேர் வைத்துவிட்டார்களாம், பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன பேர் என்று கேட்க இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு இன்னும் வரவில்லை.